தேதி தவறாமல், கோப்பு தொலையாமல்: கோலாலம்பூர், பினாங்கு மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பாடம் நன்றாகப் புரிந்தும் புள்ளியை இழக்கும் மாணவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். இடுபணியை எழுதி முடித்துவிட்டு ஒரு நாள் தாமதமாக ஏற்றுவார்கள். குழுவில் கடைசியாகத் திருத்திய கோப்பு எது என்று தெரியாமல் பழையதை அனுப்புவார்கள். கைப்பேசி தொலைந்த அன்று ஒரு தவணைக் குறிப்பும் கூடவே போய்விடும். இவை அத்தனையும் தடுக்கக்கூடியவை, பெரும்பாலும் காசு செலவில்லாமல். கோலாலம்பூரிலும் பினாங்கிலும் படிக்கும் மாணவர்களிடமிருந்து வரும் கேள்விகளுக்கான பதில்கள் கீழே.

எத்தனை செயலிகள் வேண்டும்? எதிலிருந்து தொடங்குவது?

மூன்று போதும்: ஒரு நாட்காட்டி, ஒரு வேலைப் பட்டியல், கோப்புகளுக்கு ஒரு சேமிப்பிடம். நாள், நேரம் உள்ளதெல்லாம் நாட்காட்டிக்குப் போகட்டும். எப்போது வேண்டுமானாலும் செய்யலாம், ஆனால் செய்தே ஆகவேண்டும் என்பவை வேலைப் பட்டியலுக்கு. கோப்புகள் எல்லாம் ஒரே சேமிப்பிடத்துக்கு.

பல்கலைக்கழகம் கூகுள் கணக்கு கொடுத்திருந்தால் கூகுள் நாட்காட்டி, கூகுள் டாஸ்க்ஸ், டிரைவ் என்று வைத்துக்கொள்ளுங்கள். மைக்ரோசாஃப்ட் கணக்கு என்றால் அவுட்லுக், டூ டூ, ஒன்டிரைவ். இரண்டில் எது மேல் என்று ஒரு வாரம் ஒப்பிட்டுப் பார்ப்பது வீண். ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. பாதித் தேதிகள் கைப்பேசியோடு வந்த நாட்காட்டியிலும், மீதி கூகுளிலும், சில சுவரில் ஒட்டிய தாளிலும் இருந்தால், எதைப் பார்த்தாலும் முழு உண்மை தெரியாது. இரண்டு மூன்று முறை ஏமாந்த பிறகு எதையுமே திறந்து பார்க்கத் தோன்றாது.

எல்லா அறிவிப்பும் வாட்சாப்பில்தான் வருகிறது. 300 செய்திக்கு நடுவில் தேதி புதைந்துபோகிறதே?

நம் ஊர்ப் படிப்பில் இதுதான் முதல் சிக்கல் என்பது எங்கள் கணிப்பு. ஒரு பாடத்துக்கு ஒரு வாட்சாப் குழு, டுட்டோரியலுக்கு ஒன்று, குழு இடுபணிக்கு ஒன்று, விடுதிக்கு ஒன்று, இந்திய மாணவர் சங்கத்துக்கு ஒன்று. ஐந்து பாடம் எடுத்தால் பதினைந்து குழு சாதாரணம்.

வாட்சாப் ஓர் அஞ்சல் பெட்டி. தேதி அங்கே வந்து சேரலாம், ஆனால் அங்கேயே தங்கக் கூடாது. செய்தியைப் படித்த அந்த நிமிடமே நாட்காட்டியில் எழுதிவிடுங்கள். "அப்புறம் போட்டுக்கொள்ளலாம்" என்று நட்சத்திரக் குறியிட்டு வைத்தால், நட்சத்திரம் வாங்கிய செய்தியே நூறு சேர்ந்துவிடும். உடனே முடியாத நேரத்தில், பேருந்தில் நின்றுகொண்டிருக்கும்போது, உங்கள் எண்ணுக்கே செய்தி அனுப்பிக்கொள்ளும் வசதியில் அதைப் பகிர்ந்து வையுங்கள். இரவில் படுக்கும் முன் அந்த உரையாடலைத் திறந்து, ஒவ்வொன்றையும் நாட்காட்டிக்கு மாற்றிவிட்டு அழியுங்கள். காலியான பிறகு தூங்குங்கள்.

ஒரு செய்தியைப் பிரித்துப் பார்ப்போம். செவ்வாய்க்கிழமை விரிவுரையாளர் இப்படி எழுதுகிறார்: "குழு 3, 4 விளக்கவுரை அடுத்த வியாழனுக்கு மாற்றம். அறை அதேதான். ஸ்லைடை முதல் நாளே ஏற்றிவிடவும்." இதில் தேதி ஒன்று அல்ல, இரண்டு: வியாழன் விளக்கவுரை, புதன் ஸ்லைடு. பெரும்பாலோர் வியாழனை மட்டும் குறித்துக்கொண்டு புதனை விட்டுவிடுவார்கள். அடுத்தது, "அடுத்த வியாழன்" என்றால் நாளை மறுநாளா, அதற்கு அடுத்த வாரமா? மலாயில் "காமிஸ் டெப்பான்" என்று வந்தாலும் இதே குழப்பம்தான். "டாக்டர், 16ஆம் தேதி வியாழன்தானே?" என்று எண்ணோடு ஒரு வரி கேட்டுவிடுங்கள். கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. குழுவில் இருக்கும் மற்றவர்களும் அதைத்தான் கேட்கத் தயங்கிக்கொண்டிருப்பார்கள்.

குழு நிர்வாகி நீங்கள் என்றால், தேதிச் செய்தியை மேலே பின் செய்யுங்கள். ஒரு குழுவில் மூன்று செய்திகள் வரை பின் செய்யலாம். 24 மணி நேரம், 7 நாள், 30 நாள் என்று காலத்தைத் தேர்ந்தெடுக்கலாம். அரட்டை அதிகமான குழுக்களை ஒலியடக்கி வையுங்கள், விரிவுரையாளர் இருக்கும் குழுக்களை மட்டும் அடக்காதீர்கள்.

"வாரம் 9இல் அனுப்ப வேண்டும்" என்கிறார்கள். எந்தத் தேதி அது?

தவணைக்குப் பொதுவாக 14 வாரம் விரிவுரை. நடுவில் ஒரு வார விடுமுறை வரும், அது எண்ணிக்கையில் சேராது. விடுமுறையையும் சேர்த்து எண்ணினால் வாரம் 9 என்று நீங்கள் நினைப்பது உண்மையில் வாரம் 8 ஆகிவிடும். அப்போது எல்லாத் தேதியும் ஒரு வாரம் மாறிவிடும். கூகுள் நாட்காட்டியின் அமைப்பில் வார எண்ணைக் காட்டும் வசதி உண்டு, ஆனால் அது ஆண்டின் வார எண். தவணைக்கு உதவாது, குழப்பத்தைத்தான் கூட்டும்.

தவணை தொடங்கும் முதல் நாளே பல்கலைக்கழகத்தின் கல்வி நாட்காட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு பத்து நிமிடம் ஒதுக்குங்கள். "தவணை வாரம்" என்று தனி நாட்காட்டி ஒன்றை உருவாக்கி, ஒவ்வொரு திங்களிலும் முழுநாள் குறிப்பாக "வா 1", "வா 2" என்று எழுதுங்கள். விடுமுறை வாரத்துக்கு "விடுமுறை, எண் இல்லை". பிறகு ஒவ்வொரு பாடத்தின் பாடத்திட்டத்தையும் எடுத்து, அதில் வாரமாகக் கொடுத்திருக்கும் இடுபணி, வினாடி வினா, இடைத்தேர்வு எல்லாவற்றையும் தேதியாக மாற்றி ஏற்றுங்கள். ஐந்து பாடத்தையும் இப்படி ஒன்றாக ஏற்றிப் பார்த்தால்தான் வாரம் 7இலும் 12, 13இலும் மூன்று நான்கு வேலைகள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுவது கண்ணில் படும். முதல் வாரத்திலேயே தெரிந்துவிட்டால் ஒன்றை முன்கூட்டித் தொடங்கிவிடலாம்.

இணையக் கற்றல் தளத்திலிருந்து தேதிகள் தானாக நாட்காட்டிக்கு வருமா?

வரும். மலாயாப் பல்கலைக்கழகத்தின் ஸ்பெக்ட்ரம், மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் இலேர்ன் இரண்டும் மூடில் எனும் மென்பொருளில் இயங்குபவை. உங்கள் கல்லூரித் தளமும் மூடில் என்றால் இப்படிச் செய்யுங்கள்:

1. தளத்தில் கேலண்டர் பக்கத்துக்குப் போய், அடியில் இருக்கும் இம்போர்ட் அல்லது எக்ஸ்போர்ட் இணைப்பைத் தட்டுங்கள்.
2. எக்ஸ்போர்ட்டில் எல்லா நிகழ்வும் என்பதையும், அடுத்த 60 நாள் என்ற கால அளவையும் தேர்ந்தெடுங்கள். "இந்த வாரம்" என்று விட்டால் அந்தந்த வாரத்து வேலை மட்டுமே வரும், முன்னறிவிப்பே இருக்காது.
3. கேலண்டர் யூஆர்எல் பெறும் பொத்தானை அழுத்தி, வரும் நீண்ட முகவரியை நகலெடுங்கள்.
4. கணினி உலாவியில் கூகுள் நாட்காட்டியைத் திறந்து, இடப்பக்கம் மற்ற நாட்காட்டிகள் பக்கத்தில் இருக்கும் கூட்டல் குறியைத் தட்டி, யூஆர்எல் வழியாகச் சேர்க்கும் தெரிவில் ஒட்டுங்கள். கைப்பேசிச் செயலியில் இந்தத் தெரிவு இல்லை. கணினியில் ஒருமுறை செய்தால் கைப்பேசியிலும் தெரியும்.

மூன்று எச்சரிக்கை. கூகுள் அந்த முகவரியை உடனுக்குடன் பார்ப்பதில்லை. மாற்றம் வந்துசேரப் பல மணி நேரம், சில வேளை ஒரு நாள்கூட ஆகும். அதனால் கடைசி நாளன்று தளத்தையே திறந்து பாருங்கள். அடுத்து, அந்த முகவரியிலேயே உங்களுக்கான சாவி அடங்கியிருக்கிறது, நண்பர்களுக்கு அனுப்பாதீர்கள். மூன்றாவது, விரிவுரையாளர் தளத்தில் தேதி போட்டிருந்தால் மட்டுமே இது வேலை செய்யும். வகுப்பில் வாயால் சொன்னதையும் வாட்சாப்பில் சொன்னதையும் நீங்கள்தான் எழுத வேண்டும்.

நினைவூட்டலை எவ்வளவு நேரத்துக்கு முன் வைப்பது?

நாட்காட்டி தானாக வைப்பது 30 நிமிடம். வகுப்புக்குப் போக அது சரி. 2,000 சொல் கட்டுரைக்கு 30 நிமிடத்துக்கு முன் மணி அடித்து என்ன பயன்? கூகுளில் ஒரு குறிப்புக்கு ஐந்து நினைவூட்டல் வரை சேர்க்கலாம். இடுபணிக்கு 7 நாள், 2 நாள், 3 மணி நேரம் என்று மூன்று வைத்தால் போதும்.

நள்ளிரவு விஷயத்தில் கவனம். "திங்கள் நள்ளிரவு 12:00" என்று இருந்தால் பலர் திங்கள் இரவு என்று நினைத்துக்கொள்கிறார்கள். 24 மணிக் கணக்கில் திங்கள் 00:00 என்பது ஞாயிறு இரவு முடியும் நொடி. ஒரு முழு நாள் போய்விடும். 23:59 என்று போட்டிருந்தாலும் உங்கள் நாட்காட்டியில் அதே நாள் இரவு 9 மணி என்று எழுதுங்கள். கடைசி அரை மணியில் வகுப்பே ஒன்றாக ஏற்றும்போது தளம் திணறுவது எல்லாருக்கும் தெரிந்ததுதான்.

பொது விடுமுறை, கெலாஸ் கந்தி (மாற்று வகுப்பு) எல்லாம் எப்படிச் சமாளிப்பது?

கூகுளின் மலேசிய விடுமுறைப் பட்டியலைச் சேர்த்துக்கொள்ளுங்கள், ஆனால் கண்ணை மூடிக்கொண்டு நம்பாதீர்கள். அதில் மாநில விடுமுறைகளும் கலந்து வரும். தைப்பூசம் பினாங்கிலும் கோலாலம்பூரிலும் சிலாங்கூரிலும் விடுமுறை, எல்லா மாநிலத்திலும் அல்ல. சுல்தான் பிறந்தநாள் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. குறிப்பைத் தட்டி எந்த மாநிலம் என்று பாருங்கள்.

விடுமுறையில் விழுந்த வகுப்புக்குக் கெலாஸ் கந்தி வரும். அப்போது வாராந்தரக் குறிப்பை நகர்த்தும்போது "இந்த ஒன்று மட்டும்" என்று தேர்ந்தெடுங்கள். "இதுவும் இனி வருபவையும்" என்று தவறிப்போய்த் தட்டினால் தவணை முழுக்க வகுப்பு இடம் மாறிவிடும், அதைப் பல வாரம் கழித்துத்தான் கண்டுபிடிப்பீர்கள்.

தைப்பூச வாரத்தில் தண்ணீர்மலைப் பக்கமும் பத்துமலைப் பக்கமும் சாலைகள் அடைபடும். காவடி எடுப்பவர்களும் தண்ணீர்ப் பந்தலில் தொண்டு செய்பவர்களும் அந்த மூன்று நாளை முன்பே நாட்காட்டியில் அடைத்துவைத்துவிட்டு, அதற்குள் வரும் இடுபணிகளை முந்தைய வாரத்துக்கு இழுத்துக்கொள்வது நல்லது.

ஒரு பாடத்துக்கு வாரம் எத்தனை மணி நேரம் ஒதுக்க வேண்டும்?

இதற்குக் கணக்கே இருக்கிறது. மலேசியத் தகுதிநிலைக் கட்டமைப்பின்படி ஒரு கிரெடிட் என்பது 40 மணி நேரக் கற்றல். விரிவுரை, டுட்டோரியல், சொந்தப் படிப்பு, இடுபணி, தேர்வு எல்லாம் அதில் அடக்கம். 3 கிரெடிட் பாடம் என்றால் 120 மணி. வாரம் 3 மணி நேரம் வகுப்பு என்று வைத்தால் 14 வாரத்தில் 42 மணி. மீதி 78 மணி உங்கள் பொறுப்பு. 14 வாரத்துக்குப் பிரித்தால் வாரத்துக்கு ஐந்தரை மணிக்குச் சற்று மேல். இப்படி ஐந்து பாடம் இருந்தால் வகுப்புக்கு வெளியே வாரம் 28 மணி நேரம்.

வகுப்பு நேரம் மட்டும் எழுதிய நாட்காட்டி காலியாகத் தெரிவது இதனால்தான். அந்தக் காலி இடத்தைப் பார்த்து வார இறுதியில் பகுதிநேர வேலைக்கு இன்னொரு ஷிஃப்ட் ஒப்புக்கொள்வார்கள், வாரம் 10 வந்ததும் மூச்சுத் திணறும். சொந்தப் படிப்பையும் வேலை ஷிஃப்டையும் வேறு வேறு நிறத்தில் கட்டம் கட்டி எழுதுங்கள். ஒரு கட்டம் ஒன்றரை மணிக்கு மேல் வேண்டாம். கட்டத்தின் பெயர் "படிப்பு" என்று இருக்கக் கூடாது. "புள்ளியியல், டுட்டோரியல் 5, கேள்வி 1 முதல் 4" என்று இருந்தால் உட்கார்ந்த உடனே கை வேலைக்குப் போகும்.

கோப்புக்கு எப்படிப் பெயர் வைப்பது? தமிழில் வைக்கலாமா?

"இறுதி", "இறுதி 2", "உண்மையான இறுதி" என்று போவதைத் தவிர்க்க ஒரே வழி, தேதியை முன்னால் ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் வைப்பது: 2026-04-13. இப்படி எழுதினால் கோப்புகள் தாமாகவே கால வரிசையில் நிற்கும். 13-04-2026 என்று எழுதினால் எல்லா மாதத்து 13ஆம் தேதியும் ஒன்றாகக் கூடிவிடும். தேதிக்குப் பின் பாடக்குறியீடு, வேலையின் பெயர், பதிப்பு எண். அனுப்பும் பிரதியில் மட்டும் மெட்ரிக் எண்ணையும் சேருங்கள்.

உங்கள் சொந்தச் சேமிப்பில் தமிழ்ப் பெயர் தாராளமாக வைக்கலாம். அனுப்பும் கோப்புக்கு மட்டும் ஆங்கில எழுத்து பாதுகாப்பு. காரணம் இது: கணினி எழுத்துகளைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஆங்கில எழுத்து ஒன்று 1 பைட், தமிழில் உயிர்மெய்யின் ஒவ்வொரு கூறும் 3 பைட். "கல்லூரி" என்ற சொல்லில் நாம் காண்பது நான்கு எழுத்து. கணினிக்கு அது க, ல, புள்ளி, ல, ஊகாரக் குறி, ர, இகரக் குறி என்று 7 கூறு, 21 பைட். ஆண்ட்ராய்டு கைப்பேசியில் கோப்புப் பெயருக்கு 255 பைட் எல்லை என்பதால், 85 கூறைத் தாண்டும் தமிழ்ப் பெயர் சேமிக்கவே முடியாது. பழைய ஜிப் மென்பொருள்களும் தமிழ்ப் பெயரைக் கேள்விக்குறிகளாக மாற்றிவிடுவதுண்டு. விரிவுரையாளரின் கணினியில் திறக்காத கோப்பு, அனுப்பாத கோப்புக்குச் சமம்.

தமிழ்த் துறையில் படிக்கிறேன். தமிழில் குறிப்பு எடுத்தால் பிறகு தேடிக் கண்டுபிடிக்க முடியுமா?

முடியும், யூனிகோடில் தட்டச்சு செய்தால். மலேசியரான முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சலும் செல்லினமும் நம்மவர்களுக்குப் பழக்கம். ஐபோனிலும் மேக்கிலும் அஞ்சல், தமிழ் 99 விசைப்பலகைகள் உள்ளேயே இருக்கின்றன. ஜீபோர்டிலும் தமிழ் உண்டு.

தேடும்போது சொல்லின் கடைசி எழுத்தை விட்டுவிடுங்கள். "பாடத்திட்டம்" என்று தேடினால் "பாடத்திட்டத்தில்", "பாடத்திட்டங்கள்" எதுவும் அகப்படாது. கண்ட்ரோல்-எஃப் பெட்டியில் "பாடத்திட்ட" என்று தேடினால் எல்லாம் வரும். வேற்றுமை உருபு ஒட்டும் நம் மொழிக்கு இந்தப் பழக்கம் மிகவும் கைகொடுக்கும்.

சீனியர்களிடமிருந்து வரும் பழைய குறிப்புகளைத் திறந்தால் புரியாத ஆங்கில எழுத்துகளாகத் தெரிகிறதா? அது யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருவில் தட்டச்சு செய்தது. எந்த எழுத்துரு என்று பார்த்து, அதற்குரிய மாற்றியில் போட்டு யூனிகோடாக்கி வையுங்கள். அச்சுப் பக்கத்தைப் படம் எடுத்திருந்தால் டிரைவில் ஏற்றி, கூகுள் டாக்ஸில் திறக்கச் சொல்லுங்கள். தமிழ் எழுத்தையும் அது படிக்கும். படம் 2 எம்பிக்குள், நேராக, நிழல் விழாமல் இருக்க வேண்டும். ளகர, லகரப் பிழைகள் வரத்தான் செய்யும், மேற்கோள் காட்டும் முன் மூலத்தோடு ஒப்பிடுங்கள்.

மேற்கோள் பட்டியலுக்கு ஸோட்டேரோ பயன்படுத்துகிறேன். நம் பெயர்களெல்லாம் தலைகீழாக வருகிறதே?

ஸோட்டேரோ முதல் பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு பெட்டி வைத்திருக்கிறது. நம் பெயரில் பின்னால் வருவது அப்பாவின் பெயர், குடும்பப் பெயர் அல்ல. "ஆ/லெ" (மகன்), "ஆ/பெ" (மகள்) உள்ள பெயரை அது பிரித்தால் ஆய்வாளரைத் தந்தையின் பெயரால் மேற்கோள் காட்டிவிடும். பெயர்ப் பெட்டியின் ஓரத்தில் இருக்கும் சிறு குறியைத் தட்டினால் இரண்டு பெட்டியும் ஒன்றாகும். அதில் முழுப் பெயரை அப்படியே எழுதுங்கள். "பின்", "பிந்தி" வரும் மலாய்ப் பெயர்களுக்கும் இதே வழி. உங்கள் துறை வேறு விதி வைத்திருந்தால் அதன்படி.

இலவச இணையச் சேமிப்பு 300 எம்பி. பிடிஎஃப்கள் சேரச் சேர அது சீக்கிரம் நிறைந்துவிடும், அப்போது மேற்கோள் விவரங்களை மட்டும் ஒத்திசைத்து, பிடிஎஃப்களைக் கணினியிலேயே வைத்துக்கொள்ளலாம். வேர்டில் வந்த மேற்கோளைக் கையால் திருத்தாதீர்கள். அடுத்த முறை புதுப்பிக்கும்போது திருத்தம் மறைந்துவிடும். பிழையை ஸோட்டேரோவுக்குள் திருத்துங்கள்.

குழு இடுபணியில் யார் என்ன செய்தார் என்பதே தெரிவதில்லை.

வேர்டு கோப்பை வாட்சாப்பில் சுற்ற விடாதீர்கள். ஐந்து பேர், ஐந்து பிரதி, கடைசியில் ஒருவர் இரவு முழுக்க ஒட்டுப்போட வேண்டியிருக்கும். ஒரே கூகுள் டாக்ஸ் கோப்பு, எல்லாரும் பல்கலைக்கழகக் கணக்கிலேயே நுழைந்து எழுத வேண்டும். சொந்தக் கணக்கில் நுழைந்தால் அனுமதி கேட்டு மின்னஞ்சல் போகும், உரிமையாளர் தூங்கிக்கொண்டிருந்தால் விடியும் வரை காத்திருக்க வேண்டியதுதான்.

கருத்துப் பெட்டியில் அட் குறியோடு பெயரைப் போட்டு, அவருக்கு ஒப்படைக்கும் கட்டத்தைத் தேர்ந்தெடுத்தால் வேலை அவர் பெயரில் நிற்கும். பதிப்பு வரலாற்றில் யார் எந்த வரியை எப்போது எழுதினார் என்பது நிறத்தோடு தெரியும். அதைச் சண்டைக்கு ஆயுதமாக்க வேண்டாம், ஆனால் ஒருவர் உழைப்பை மற்றவர் எடுத்துக்கொள்ளும் சூழல் வந்தால் அது சான்று. ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் அந்தப் பதிப்புக்குப் பெயர் கொடுங்கள். யாராவது தவறிப்போய் அழித்தாலும் அங்கிருந்து மீட்கலாம்.

கைப்பேசி தொலைந்தால்?

அதற்கு முன்பே செய்ய வேண்டியது ஒன்று. கூகுள் கணக்கின் பாதுகாப்புப் பக்கத்தில் இரண்டாம் நிலைச் சரிபார்ப்புக்கான மாற்றுக் குறியீடுகள் கிடைக்கும்: 10 குறியீடு, ஒவ்வொன்றும் 8 இலக்கம், ஒருமுறைதான் செல்லும். அச்சிட்டு ஒன்றை வீட்டிலும் ஒன்றை விடுதி அலமாரியிலும் வையுங்கள். இவை இல்லாவிட்டால், கடவுச்சொல் தெரிந்தும் தொலைந்த கைப்பேசிக்கே குறியீடு போய்க்கொண்டிருக்கும்.

தொலைந்த பின்: வேறு கருவியிலிருந்து பூட்டுங்கள், மைகார்டோடு தொலைத்தொடர்புக் கடைக்குப் போய் அதே எண்ணுக்குப் புது சிம் வாங்குங்கள், கணக்கின் கருவிப் பட்டியலிலிருந்து பழையதை வெளியேற்றுங்கள். முக்கியக் கோப்புகள் மூன்று பிரதி, இரண்டு வகை ஊடகம், ஒன்று வேறு இடத்தில் என்ற பழைய விதிப்படி இருக்கட்டும்: மடிக்கணினி, டிரைவ், ஒரு பென்டிரைவ். ஒத்திசைவு காப்புப்பிரதி ஆகாது. மடிக்கணினியில் அழித்தால் டிரைவிலும் அழியும், குப்பைத்தொட்டியில் 30 நாள்தான் இருக்கும்.

சேமிப்பிடம் நிறைந்துவிட்டது என்கிறதே?

சொந்தக் கூகுள் கணக்கில் இலவசம் 15 ஜிபி. டிரைவ், ஜிமெயில், ஃபோட்டோஸ் மூன்றுக்கும் சேர்த்து. ஆண்ட்ராய்டில் வாட்சாப் காப்புப்பிரதியும் இதற்குள்தான் வருகிறது. வாட்சாப் காப்பு அமைப்பில் காணொளியைச் சேர்க்கும் தெரிவை முதலில் அணையுங்கள், நிறைய இடம் திரும்பக் கிடைக்கும். நிறையும் வரை விட்டால் ஜிமெயிலுக்கு வரும் அஞ்சல் திரும்பிப் போய்விடும். தொழிற்பயிற்சி நேர்காணல் அழைப்பும் அதில் ஒன்றாக இருக்கலாம்.

மடிக்கணினி இல்லை. கைப்பேசியிலேயே எல்லாம் முடியுமா?

அன்றாட வேலை முடியும். கணினியே தேவைப்படுபவை மூன்று நான்குதான்: நாட்காட்டி முகவரி சேர்ப்பது, ஸோட்டேரோவால் வேர்டில் மேற்கோள் சேர்ப்பது, பக்க அமைப்பைச் சரிபார்ப்பது. வாரம் ஒருமுறை நூலகக் கணினியில் உட்காருங்கள். மறைநிலை உலாவியில் நுழைந்து, முடிந்ததும் எல்லா ஜன்னலையும் மூடுங்கள். எல்ஆர்டியில் படிப்பவர்கள் புறப்படும் முன் கோப்பை இணையமின்றிக் கிடைக்கும்படி குறித்து வைத்துவிடுங்கள். பசார் செனி தாண்டிச் சுரங்கத்துக்குள் போனதும் தொடர்பு அறுந்தாலும் வாசிப்பு நிற்காது.

நோஷன் என்ற குறிப்புச் செயலியில் அழகான பலகை செய்யலாமா?

செய்யலாம், தவணை விடுமுறையில். வாரம் 3இல் தொடங்கினால் நிறமும் படமும் தேர்ந்தெடுப்பதிலேயே படிக்கும் நேரம் கரைந்துவிடும்.

பாடத்திட்டத்தை ஏஐயிடம் கொடுத்துத் தேதிப் பட்டியல் வாங்கலாமா?

வாங்கலாம், நேரம் மிச்சம். ஆனால் நடுத்தவணை விடுமுறையை அது தவறாக எண்ணும், இல்லாத தேதியையும் உறுதியான குரலில் சொல்லும். ஒவ்வொரு தேதியையும் மூலத்தோடு ஒப்பிடுங்கள். மைகார்ட் படம், கடனுதவி ஒப்பந்தம், நண்பர்களின் எண் உள்ள பட்டியல் எதையும் அதில் ஏற்றாதீர்கள். இடுபணி எழுத ஏஐ பயன்படுத்துவதற்கு உங்கள் துறைக்கென விதி இருக்கும். அதை முதலில் படியுங்கள்.

மனப்பாடத்துக்கு ஆங்கி என்ற நினைவட்டைச் செயலி நல்லதா?

சட்டம், உயிரியல், சொற்பொருள் போன்ற பாடங்களுக்கு மிக நல்லது. ஆண்ட்ராய்டிலும் கணினியிலும் இலவசம், ஐபோனில் காசு. நாளுக்கு 20 புது அட்டை என்று அது தானாக வைத்திருக்கும். அப்படியே விட்டால் சில வாரத்தில் நாளுக்கு 200 அட்டை வரை மறுபார்வைக்கு வந்து நிற்கும், பலர் கைவிடுவது அங்கேதான். 8 அல்லது 10 ஆகக் குறைத்து, வாரம் 2இலேயே தொடங்குங்கள்.

"உங்கள் இடுபணி வரவில்லை" என்று சொன்னால் எப்படி நிரூபிப்பது?

ஏற்றியதும் வரும் ரசீதைச் சேமியுங்கள்; ஒப்புமை சரிபார்க்கும் டர்னிட்டினில் சமர்ப்பிப்பு எண்ணோடு வரும். பிறகு ஏற்றிய கோப்பைத் தளத்திலிருந்தே பதிவிறக்கித் திறந்து பாருங்கள். பழைய பதிப்பை ஏற்றியிருந்தால் அப்போதே தெரியும். டர்னிட்டினில் மறுபடி ஏற்ற அனுமதி இருந்தாலும், முதல் மூன்று முறைக்குப் பிறகு ஒப்புமை அறிக்கைக்கு 24 மணி நேரம் காத்திருக்க வேண்டும். கைப்பேசியில் படமெடுத்த பக்கங்களைப் பிடிஎஃப் ஆக்கினால் அதில் படிக்கக்கூடிய எழுத்து இல்லை என்று திருப்பிவிடும்.

படிப்பு முடிந்ததும் பல்கலைக்கழகக் கணக்கு என்ன ஆகும்?

பெரும்பாலான இடங்களில் சில காலத்தில் மூடப்படும். நீங்கள் உரிமையாளராக இருந்த பகிர்ந்த கோப்புகளும் கூடவே மறையும், இன்னும் படித்துக்கொண்டிருக்கும் தம்பி தங்கைகளின் சங்கக் கணக்கு வழக்கு உட்பட. கடைசித் தவணையின் தொடக்கத்திலேயே மூன்று வேலை: கூகுள் டேக்அவுட் மூலம் டிரைவையும் அஞ்சலையும் சொந்தக் கணக்குக்கு மாற்றுங்கள் (பல்கலைக்கழகம் அனுமதித்திருந்தால் நேரடியாகவே போகும், இல்லாவிட்டால் பதிவிறக்க வேண்டும்), சங்கக் கோப்புகளின் உரிமையை அடுத்த பொறுப்பாளருக்குக் கொடுங்கள், கடனுதவி, வங்கி, வேலை விண்ணப்பம் எங்கெல்லாம் அந்த மின்னஞ்சலைக் கொடுத்தீர்களோ அங்கெல்லாம் சொந்த முகவரிக்கு மாற்றுங்கள். மாற்றிய பிறகு, புது முகவரிக்கு ஒரு சோதனை அஞ்சலோ குறியீடோ வந்து சேர்ந்ததா என்று ஒவ்வொன்றிலும் பாருங்கள்.